விரிசலுக்கு வைத்தியம்

நமக்கு உடம்பு சரியில்லை என்றால் விசாரிக்க நாலு பேர் வருவார்கள். ஹால் சுவரில் விரிசல் விழுந்தால் தெருவே வரும். எங்கள் ஜன்னல் மூலையிலிருந்து மயிரிழை அளவில் ஒன்று சாய்வாக இறங்கியதும் வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் எம்-சாண்ட் மேல் பழியைப் போட்டார். மாமனார், "ஈசானிய மூலையாச்சே!" என்று பெருமூச்சு விட்டார். மைத்துனன் அஸ்திவாரத்தையே சந்தேகப்பட்டான். காரைக்குடிப் பெரியப்பா மட்டும், "எங்க பக்கம் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் வச்சு இழைச்ச சுவரு, முகம் பார்க்கலாம்" என்றார். "இன்னைக்கு விக்கிற விலைக்கு முட்டை வாங்கினா வீட்டை வித்துரணும்" என்றாள் மனைவி.

கடைசியில் கொத்தனார் வந்து விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். பொத்தென்று கேட்டால் பூச்சு செங்கல்லை விட்டுக் கழன்றுவிட்டது, கொத்தி எடுக்க வேண்டும். கட்டியாகக் கேட்டால் பூச்சு செங்கல்லை இன்னும் விடாமல் பிடித்திருக்கிறது. எங்கள் சுவர் கட்டியாகத்தான் பேசியது.

"யாரு சார் இதைப் பூசுனது? வேலை தெரியாத ஆளா இருப்பான்."

"நீங்கதான் மேஸ்திரி."

அவர் அசரவில்லை. "அப்ப நீங்க தண்ணி ஊத்தலை."

அதிலும் நியாயம் உண்டு. சிமென்ட் பூச்சு காயும்போது சுருங்கும். ஒரு வாரமாவது தண்ணீர் காட்டாவிட்டால் அவசரமாகச் சுருங்கி வெடிக்கும். இழுவையெல்லாம் வந்து சேர்வது ஜன்னல் மூலையில். வெறும் 12 மி.மீ. பூச்சுக்கு அவ்வளவு ரோஷம்!

"வளருதான்னு பார்ப்போம்" என்று நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டுப் போனார். பக்கத்திலேயே மகளின் உயரம் குறித்த கோடுகள். மழைக்காலம் போய் வெயில் வந்தது. மகள் வளர்ந்தாள், விரிசல் வளரவில்லை. "ஏம்பா, அதுக்குச் சாப்பாடு போடலையா?" என்றாள்.

பிறகு பெயிண்டர். பட்டி பார்க்கும் தகட்டின் முனையால் விரிசல் நெடுகக் கீறி அகலமாக்கினார். "அடைக்கச் சொன்னா தோண்டறாரே!" என்று மனைவி பதறினாள். வாயைத் திறந்தால்தானே மருந்து இறங்கும்? தூசு தட்டி, லேசாக ஈரம் காட்டி, கிராக் ஃபில்லரை அழுத்தி அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டார். வெள்ளைத் தூள் டிவி, சோபா, மாமனாரின் மீசை என்று ஒன்றையும் விடவில்லை. மேலே பிரைமர், அதற்கும் மேலே பெயிண்ட்.

கடைக்காரர் பழைய ஷேடு நம்பரைப் பார்த்து அதே நிறத்தைத்தான் கலக்கிக் கொடுத்தார். ஆனால் டப்பாவில் இருப்பது நேற்றுப் பிறந்த நிறம். சுவரில் இருப்பதோ வெயிலும் ஊதுபத்திப் புகையும் சாய்ந்து உட்கார்ந்தவர்களின் தலை எண்ணெயும் கண்ட நிறம். விரிசல் கிட்டே போனால்தான் தெரிந்தது. வைத்தியம் வாசலிலிருந்தே தெரிந்தது.

"இந்தச் சுவரை மட்டும் முழுசா அடிச்சிரலாம் சார்" என்றார் பெயிண்டர். அடித்ததும் மற்ற மூன்று சுவர்களும் அழுக்காகிவிட்டன. ஹால் பளிச்சென்று ஆனதும் படுக்கையறை பாழடைந்துபோனது.

வீடு முழுக்க அடித்து முடித்துக் கணக்குப் பார்த்தபோது கிராக் ஃபில்லர் டப்பாவில் முக்கால்வாசி மிச்சம்.

"காசு போட்டு வாங்கினது, வீணாப் போகுதுங்க" என்கிறாள் மனைவி. "வேற எங்கயாச்சும் விரிசல் இருக்கான்னு பாருங்களேன்."