சிவப்பு வெல்வெட்டுச் சீமான்

இங்கிலாந்தின் டர்ஹம் வட்டாரத்து நிலக்கரி முதலாளி ஜான் ஜார்ஜ் லாம்டன் பரம ஏழை. ஆண்டுக்கு 40,000 பவுண்டு இருந்தால் ஒரு மனிதன் எப்படியோ காலம் தள்ளிவிடலாம் என்று அவர் சொன்னதாக, அவர் காலத்து நாட்குறிப்பாளர் கிரீவி எழுதிவைத்திருக்கிறார். அப்படி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில்தான் ஓவியர் தாமஸ் லாரன்ஸைப் பிடித்து, மகனைப் படமாக எழுதச் சொன்னார். 1825இல் படம் தயார். ஆறேழு வயதுப் பிள்ளை, சிவப்பு வெல்வெட் உடுப்பில், பாறைமேல் சாய்ந்து, தலையைக் கையில் தாங்கி யோசிக்கிறான். என்ன கவலையோ!

ஓவியம் ஒரு சுவரில்தான் தொங்கும். ஊரெல்லாம் கும்பிட வேண்டாமா? 1827இல் சாமுவேல் கசின்ஸ் அதை மெஸ்ஸோடின்ட் அச்சாக்கினார். அந்த வேலையின் அழகைக் கேளுங்கள். பல் வைத்த வளைந்த கத்தியை ஆட்டி ஆட்டி, உலோகத் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்க வேண்டும். அலுப்பான வேலை, பெரும்பாலும் உதவியாள் தலையில்தான் விழும். அந்த நிலையில் மை பூசி அச்சிட்டால் தாள் முழுக்கக் காரிருள். பிறகு சுரண்டித் தேய்த்த இடத்தில் மட்டும் வெளிச்சம் வரும்: பிள்ளையின் கன்னம், கழுத்துப்பட்டி, விரல்கள். கரியில் காசெடுத்த குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான கலை ஏது?

அதே வட்டாரத்தில், பூமிக்கடியில், அதே வயதுப் பிள்ளைகள் காற்றுக்கதவுப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். கரிவண்டி வரும்போதெல்லாம் கயிற்றை இழுத்துத் திறக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். யோசிக்க அவர்களுக்கும் நேரமிருந்தது. வானம்தான் இல்லை. 1812இல் அங்கே ஃபெல்லிங் சுரங்கம் வெடித்து 92 பேர் மாண்டார்கள், சிறுவர்கள் பலர். அந்த முகங்களை எந்தத் தகட்டில் யார் சுரண்டி எடுத்தார்கள்?

லாம்டன் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், 13 வயதில் போய்விட்டான். அவனுடைய ஓவியத்துக்கு 2021இல் லண்டன் நேஷனல் கேலரி கொடுத்தது 93 லட்சம் பவுண்டு.

சுரங்கப் பிள்ளைகளுக்கும் ஒருவழியாக 1842இல் படம் வந்தது: பிள்ளைகளின் வேலை குறித்த விசாரணை ஆணையத்தின் அறிக்கையில், நாலு காலில் தவழ்ந்து கரிவண்டி இழுக்கும் கோலத்தில். நாடு அதிர்ந்தது. டர்ஹமின் இன்னொரு சுரங்க முதலாளி லண்டன்டெரி பிரபுவும் அதிர்ந்தார், படங்களைப் பார்த்து! அரசாங்க அறிக்கையில் இப்படி அருவருப்பான படங்களா என்று பிரபுக்கள் சபையில் பொங்கினார். லாரன்ஸின் முன்னால் தானே உட்கார்ந்து படம் எழுதிக்கொண்டவர் ஆயிற்றே, ரசனை இருக்காதா? அவர் எதிர்த்தும் சட்டம் வந்தது. பெண்களையும், பத்து வயதுக்குட்பட்ட பையன்களையும் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது. பத்து நிரம்பியவனைத் தாராளமாக இறக்கலாம்.