பங்காளிக் கிருமிகள்: கேள்வி-பதில்

காய்ச்சல், கடுப்பு, அரிப்பு. இந்த மாதத் தபாலில் வந்தவை பெரும்பாலும் இவைதான். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். வயிற்றுச் சமாசாரத்தைச் சிலர் அவ்வளவு விலாவாரியாக எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: பாக்டீரியா தெரியும், வைரஸ் தெரியும். அமீபா, மலேரியாக் கிருமி, பூஞ்சை எல்லாம் எந்த வகையறா? (திருநெல்வேலி)

பதில்: நம் வகையறாதான். பாக்டீரியாவின் செல்லில் உட்கரு கிடையாது. அமீபாவுக்கும் பூஞ்சைக்கும் மலேரியாக் கிருமிக்கும் நம்மைப் போலவே உட்கரு உண்டு. இந்தக் கூட்டத்துக்கு யூகேரியோட் என்று பெயர். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பாகம் பிரிந்துபோன பங்காளிகள்! வைத்தியத்தில் சிக்கலே இந்த உறவுதான். பென்சிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் குலைக்கும். நம் செல்லுக்குச் சுவரே இல்லாததால் நமக்குச் சேதமில்லை. பங்காளியை அடித்தாலோ பாதி அடி நம் முதுகிலும் விழும். அவனிடம் இருந்து, நம்மிடம் இல்லாத ஒரு பொருளையோ பழக்கத்தையோ தேடிப் பிடித்து அங்கே மட்டும் அடிக்க வேண்டும். கீழே வரும் மருந்துகள் பலவும் அப்படித் தேடிப் பிடித்தவைதான்.

கேள்வி: ஹோட்டலில் இட்லி சாம்பார் சாப்பிட்டேன். மறுவாரம் சீதபேதி. டாக்டர் அமீபா என்கிறார். கொதிக்கும் சாம்பாரில் அமீபா எப்படி உயிரோடு இருக்கும்? (சென்னை)

பதில்: இருக்காது. சாம்பார் நிரபராதி, இட்லியும் வெந்ததுதான். விசாரிக்க வேண்டியது பச்சைத் தண்ணீர் ஊற்றி அரைத்த சட்னி, டம்ளர் தண்ணீர், பரிமாறியவரின் நகம் ஆகியவற்றை. எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா வெளியே வரும்போது கெட்டியான கூடு கட்டிக்கொண்டு வருகிறது. குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரின் அந்தக் கூட்டை அசைக்காது. கொதிக்க வைத்தால் சாகும். இது ஏழை ஊர் வியாதி என்று நினைத்திருந்த அமெரிக்காவுக்கு 1933இல் பாடம் கிடைத்தது. சிகாகோவில் உலகக் கண்காட்சி. பார்க்க வந்தவர்கள் தங்கிய பெரிய ஹோட்டலில் சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒன்றுக்கொன்று கசிந்து கலந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அமீபா தொற்றியது. ஏறக்குறைய நூறு பேர் இறந்தார்கள்.

கேள்வி: அதே அமீபாவுக்கு மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள். வாயெல்லாம் இரும்புக் கசப்பு. இரண்டு நாளில் நிறுத்திவிட்டேன். சரிதானே? அடுத்த வாரம் நண்பன் கல்யாணம், ஒரு பெக் போடலாமா? (மதுரை)

பதில்: நிறுத்தியது தப்பு. பெக், மருந்து முடிந்து மூன்று நாள் கழியும்வரை வேண்டாம். கல்யாணத்தில் பாயசம் கிடைக்கும். குடலின் உள்ளே ஆக்சிஜன் மிகக் குறைவு. அமீபாவும் இன்னொரு குடல் கிருமியான ஜியார்டியாவும் ஆக்சிஜன் இல்லாமல் பிழைக்கப் பழகியவை. மெட்ரோனிடசோல் அப்படிப்பட்ட செல்லுக்குள் நுழைந்தால்தான் விஷமாக மாறும். ஆக்சிஜனில் வாழும் நம் செல்லில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். அந்த ஒரு பழக்க வேறுபாட்டில்தான் உங்கள் வைத்தியமே நடக்கிறது. ஆனால் குடலுக்குள் மிச்சமிருக்கும் கூடுகளை இது முழுதாக ஒழிக்காது. அதற்கு டைலாக்ஸனைடு போன்ற இன்னொரு மருந்தும் எழுதுவார்கள். பாதியில் விட்டால் அமீபா ஈரல்வரை போய்க் கட்டியாக உட்காரலாம்.

கேள்வி: மலேரியாக் கிருமி ஒரு காலத்தில் செடியாக இருந்ததாம். கல்லூரியில் படிக்கும் என் மகன் அளக்கிறான். (கோயம்புத்தூர்)

பதில்: செடி இல்லை, பாசி. மற்றபடி பையன் சொல்வது சரி, கல்லூரிக் கட்டணம் வீண்போகவில்லை. மலேரியாக் கிருமியான பிளாஸ்மோடியத்தின் மூதாதை எப்போதோ ஒரு பாசியை விழுங்கியது. செரிக்காமல் தங்கிவிட்ட அதன் பசுங்கணிகம் இன்றும் கிருமிக்குள் இருக்கிறது. அதில் பச்சையமும் இல்லை, வெயிலில் சமைக்கும் வேலையும் இல்லை. ஆனாலும் அது தயாரிக்கும் சில பொருள்கள் இல்லாமல் கிருமி பிழைக்காது. நம் உடம்பில் இப்படி ஓர் உறுப்பே கிடையாதல்லவா? டாக்சிசைக்ளின் சரியாக அங்கேதான் அடிக்கிறது. பாக்டீரியாவுக்கான மருந்து மலேரியாவிலும் உதவுவதற்கு இதுதான் காரணம்.

கேள்வி: மலேரியா கொசுவால் வருகிறது என்று கண்டுபிடித்த ரொனால்ட் ராஸுக்கு நோபல் பரிசு. கொசுவிடம் கடிபட்டவருக்கு? (விழுப்புரம்)

பதில்: கொசு ஒன்றுக்கு ஓர் அணா. பெயர் ஹுசேன் கான், செகந்திராபாத்தில் மலேரியாக் காய்ச்சலோடு இருந்தவர். ராஸ் வளர்த்த கொசுக்களுக்குத் தன் உடம்பைக் காட்டினார். அந்தக் கொசுக்களில் ஒன்றை 1897 ஆகஸ்ட் 20 அன்று அறுத்துப் பார்த்தபோது, அதன் வயிற்றுச் சுவரில் கிருமி வளர்வதை ராஸ் கண்டார். அன்று ராத்திரியே கவிதையும் எழுதினார். 1902இல் நோபல் வந்தது, மருத்துவத்துக்கு. ஆகஸ்ட் 20 இன்று உலகக் கொசு நாள். கடித்தவருக்கு நாள் குறித்தாயிற்று, கடிபட்டவருக்கு இன்னும் இல்லை.

கேள்வி: எங்கள் தெருவில் சாக்கடை கிடையாது, நாங்கள் மூன்றாவது மாடி. போன வருஷம் வந்த மலேரியா ஊசி மருந்தெல்லாம் முடிந்து குணமான பிறகு, கொசுவே கடிக்காமல் மறுபடி வந்திருக்கிறது. எப்படி? (வடசென்னை)

பதில்: இரண்டு பதில்கள். நகரத்து மலேரியாக் கொசுவான அனாபிலஸ் ஸ்டீஃபன்சி ரொம்ப ஆசாரம். சாக்கடைப் பக்கம் போகாது. மொட்டை மாடித் தொட்டி, கிணறு, கட்டுமான இடத்தில் தேக்கிய தண்ணீர் என்று நல்ல நீரில்தான் முட்டையிடும். மூன்றாவது மாடிக்காரர் தொட்டிக்குக் கீழ்வீட்டாரைவிட அருகில் இருக்கிறார். தொட்டி மூடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் கொசுவுக்கு அது சிங்க வாசல்.

அடுத்தது, வைவாக்ஸ் வகை மலேரியா ஈரலில் சில கிருமிகளைத் தூங்க வைத்துவிட்டுப் போகும். பல மாதம் கழித்து அவை எழுந்தால் புதுக் கொசு இல்லாமலே காய்ச்சல் திரும்பும். ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும் குளோரோகுயின் அவற்றைத் தொடாது. அதற்குப் பிரைமாகுயின் மாத்திரை, வழக்கமாக 14 நாள். காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே அதை அலமாரியில் வைப்பவர்கள்தான் அதிகம். ஜி-6-பி-டி என்ற நொதி குறைந்தவர்களுக்கு இந்த மாத்திரை ரத்த அணுக்களை உடைக்கும் என்பதால் சோதித்துவிட்டுக் கொடுப்பார்கள். நான் சொன்ன பங்காளி அடி இதுதான்.

கேள்வி: யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்க ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டுகிறார்கள். பகலில் வந்தால் என்ன? (கும்பகோணம்)

பதில்: பகலில் நீங்கள் இருப்பீர்கள், புழு இருக்காது. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகல் முழுதும் நுரையீரலின் நுண்குழாய்களில் பதுங்கும். குயுலெக்ஸ் கொசு கடிக்கவரும் நடுராத்திரியில் தோலடி ரத்தத்துக்கு வந்து காத்திருக்கும். கொசுவின் நேரம் தெரிந்த புழு! இந்தப் புழு கொசுவுக்குள் வளர்வதை 1877இல் சீனத்து அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன் கண்டார்.

கால் வீங்கியவரைப் பார்த்து ஒதுங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர் ரத்தத்தில் பெரும்பாலும் புழுக்குஞ்சே இருக்காது. பரப்புகிறவர் எந்த அடையாளமும் இல்லாமல் நடமாடும் ஆசாமி. அதனால்தான் நோய் இல்லாதவருக்கும் டி.இ.சி. மாத்திரை தருகிறார்கள். அதை அமெரிக்காவில் உருவாக்கிய குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் மாணவர். காந்தி சொன்னார் என்று கதர் உடுத்தி அறுவைக்கூடத்துக்குப் போனதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். இலங்கை யானைக்கால், மலேரியா இரண்டையும் வென்றதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. இக்கரையில் நாம் மாத்திரையை வாங்கி ஜன்னல் வழியே வீசிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஒட்டுண்ணிக்கும் வீட்டோடு மாப்பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்? (ஈரோடு)

பதில்: ஒட்டுண்ணி சாப்பாட்டைக் குறை சொல்லாது.

கேள்வி: படர்தாமரைக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். போட்டால் போகிறது, விட்டால் இரண்டு மடங்காக வருகிறது. (சேலம்)

பதில்: க்ரீமின் பின்பக்கம் பொடி எழுத்தில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அவை ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் அடக்கும், பூஞ்சையை வளர்க்கும். நோயாளிக்குச் சந்தோஷம், பூஞ்சைக்கு அதைவிடச் சந்தோஷம். பூஞ்சை செடியைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். நம் செல்லின் உறையில் கொலஸ்ட்ரால், அதன் உறையில் எர்கோஸ்டெரால். சரியான மருந்து குறிவைப்பது அந்த எர்கோஸ்டெராலை. அரைகுறை வைத்தியத்துக்கு நாடே விலை கொடுத்திருக்கிறது. டெர்பினஃபைன் என்ற மருந்துக்கு மசியாத பூஞ்சை ஒன்றுக்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர் வைத்துவிட்டார்கள், நம் நாட்டின் பெயரையும் சேர்த்து. தோல் டாக்டரைப் பாருங்கள். வீட்டில் ஒரே துண்டில் நாலு பேர் துடைப்பதையும் நிறுத்துங்கள்.

கேள்வி: கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்கிறார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவே பயமாக இருக்கிறது. (நாகர்கோவில்)

பதில்: இந்த அமீபா குடித்தால் வராது, நெக்லேரியா ஃபௌலெரிக்கு வாசல் வாயல்ல, மூக்கு. வெதுவெதுப்பான குளம், பராமரிக்காத நீச்சல் குளம் போன்றவற்றில் மூழ்கும்போது மூக்கின் உச்சிக்குத் தண்ணீர் ஏறினால், வாசனை நரம்பு வழியே மூளைக்குப் போகும். கடலில் இருக்காது. அபூர்வமான நோய், ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர் உலகெங்கும் மிகச் சிலரே. கேரளத்தில் சிலரைக் காப்பாற்ற முடிந்ததற்குக் காரணம் சீக்கிரம் சந்தேகப்பட்டதுதான். குளத்தில் குதித்த சில நாளில் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி என்றால் குளத்துக் கதையை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். யோகா வகுப்பில் மூக்கு கழுவுகிறவர்கள் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: மருமகள் முழுகாமல் இருக்கிறாள். வீட்டுப் பூனையை விரட்டிவிடலாமா? (தஞ்சாவூர்)

பதில்: பூனை இருக்கட்டும், அதன் கழிவை உங்கள் மகன் அள்ளட்டும். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தில் வரும். தொற்றும் பக்குவம் அடைய ஒரு நாளாவது ஆகும். தினமும் அள்ளிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். பூனையைக் காட்டிலும் அரைவேக்காட்டுக் கறி, கழுவாத கீரை, தோட்டத்து மண் ஆகியவற்றைக் கவனியுங்கள். கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் குழந்தையின் கண்ணுக்கும் மூளைக்கும் கெடுதி. எலிக்குள் நுழைந்தால் இந்தக் கிருமி வேறு வேலை செய்கிறது: எலிக்குப் பூனை வாடை மேலுள்ள பயமே போய்விடுகிறது. எலி பூனைக்கு, கிருமி தன் பிறந்தகத்துக்கு.

கேள்வி: பெண்கள் முகத்து ரோமத்துக்குப் பூசும் க்ரீம் ஒன்று ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்கும் மருந்தாமே? (புதுச்சேரி)

பதில்: ஆமாம், எஃப்ளார்னிதின். டெட்சி ஈ பரப்பும் டிரிப்பனோசோமா கிருமி மூளைக்கு ஏறியவர்களைக் கோமாவிலிருந்து எழுப்பியது இந்த ஊசி. 1990இல் அமெரிக்கா அனுமதித்தது. நோயாளிகளோ காங்கோவிலும் சூடானிலும் இருந்த ஏழைகள். லாபமில்லை என்று உற்பத்தி நின்றது. 2000இல் அதே மருந்து முகத்து ரோமம் குறைக்கும் க்ரீமாகப் பணக்கார நாடுகளின் கடைக்கு வந்தது. மறு வருஷம், பல தரப்பு நெருக்கடிக்குப் பிறகு, ஊசியும் இலவசமாகத் திரும்பி வந்தது. தூக்க நோயாளிகளுக்கு விமோசனம் வந்த வழியைப் பாருங்கள், மேல் உதட்டு ரோமம்!

கேள்வி: ஓர் ஒட்டுண்ணியையாவது நாம் அடியோடு ஒழித்திருக்கிறோமா? (இராமநாதபுரம்)

பதில்: விளிம்பில் நிற்பது நரம்புச் சிலந்தி. படிக்கிணற்றுத் தண்ணீரோடு உள்ளே போய், ஒரு வருஷம் கழித்துக் காலைப் பொத்துக்கொண்டு முழ நீளத்துக்கு மேல் வெளிவரும் புழு. 1986இல் உலகில் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல், ராஜஸ்தானில். 2023இல் உலகம் முழுவதும் 14 பேர். இதைக் கொல்ல மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. துணியில் வடிகட்டிக் குடித்தே இந்த அளவுக்குக் குறைத்தார்கள். மிச்சமிருக்கும் தொல்லை, சாட் நாட்டில் இது நாய்களுக்கு வருகிறது. நாய் வடிகட்டிக் குடிக்காதே? அதனால் நாயைக் கட்டிப் போடும் சொந்தக்காரருக்கு ரொக்கச் சன்மானம் கொடுக்கிறார்கள். நம் ஊரில் இந்தத் திட்டம் வந்தால் நாய் வளர்க்காதவர்கூட ஒன்று வாங்கிக் கட்டிவைப்பார்.