சுவரேறிய திரை: கொங்கு வீட்டு ஆசாரத்தில் ஒரு கள ஆய்வு

திரை என்ற பொருளைப் பற்றிப் பேசக் கோயமுத்தூருக்குத் தனி உரிமை உண்டு. 1905இல் திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், து பாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார்; அந்தப் பெயரில் இன்றும் ஒரு ரோடு இருக்கிறது. பிறகு சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ, புலியகுளத்தில் பட்சிராஜா, அங்கிருந்து 1954இல் ‘மலைக்கள்ளன்’. இத்தனை பெருமை கொண்ட ஊரில், 55 அங்குல டிவியை ஆசாரத்தின், அதாவது வீட்டுக் கூடத்தின், எந்தச் சுவரில், எந்த உயரத்தில், யாருடைய சம்மதத்தோடு மாட்டுவது என்பது பற்றி ஒரு நூலும் என் கண்ணில் பட்டதில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டே இவ்வாய்வு.

ஆய்வுக் களம், பீளமேடு முதல் பொள்ளாச்சி வரையிலான உறவுக்காரர் வீடுகள். காபி கொடுத்த வீடுகள் மட்டுமே மாதிரியாகக் கொள்ளப்பட்டன. இப்பகுதியில் காபி கொடுக்காமல் விடும் வீடு கிடையாதாகையால் மாதிரித் தேர்வில் பாரபட்சம் ஏதுமில்லை.

முதற்கண், இழப்பு. பழைய டிவிக்கு ஒரு மண்டை இருந்தது. 2006 முதல் அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவிக்குக்கூட, ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனதே, அதற்கும் இருந்தது. அதன்மேல் பின்னல் துணி, தலையாட்டி பொம்மை, வண்டிச் சாவி, மின்கட்டண அட்டை, அந்த மாதத்துக் கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் குடியிருந்தன. இன்றைய டிவியின் மேல்விளிம்பில் ஒரு ஈ உட்கார்ந்தாலும் பாதி வெளியே நிற்கும். பத்திரிகைகள் ஃபிரிட்ஜ் தலைக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பாதி முகூர்த்தங்கள் நினைவில்லாமல் போவதற்கு இதுவும் காரணமாகலாம். நிறுவ முடியவில்லை.

இனி, மாட்டும் சடங்கு. கம்பெனித் தம்பி டிரில்லிங் மெஷினும் ரசமட்டமுமாக வந்து, “எந்த ஒசரத்துலீங்க்கா?” என்று கேட்கும் நொடியில்தான் அந்த வீட்டில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது வெளிப்படும். உட்கார்ந்திருப்பவர் கண் மட்டத்துக்குத் திரையின் நடுப்பகுதி வரவேண்டும், அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி, என்கிறது கண்ணியல். கொங்கு மரபு ஐந்தடி என்கிறது. குழந்தைக்கு எட்டக் கூடாது, துடைப்பம் படக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்ச்சுவரில் மாலையோடு இருக்கும் அப்பாரு (தாத்தா) படத்துக்குத் தாழ்வாக எதுவும் தொங்கக் கூடாது. கழுத்து வலிக்குத் தைலம் இருக்கவே இருக்கிறது.

அப்பாரு இதோடு விடுவதில்லை. ஓஎல்இடி வகைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும். எனவே இருட்டு என்றால் முழு இருட்டு. அதற்குத்தான் அத்தனை விலை. அந்த இருட்டில் எதிர்ச்சுவர் அப்படியே தெரியும். படத்தில் கொலைகாரன் கத்தியோடு மாடிப்படி ஏறும்போது, சிவப்பு ஜீரோ வாட் பல்புக்கு மேலே அப்பாருவும் கூடவே ஏறுகிறார். பல்பை அணைக்கலாமே என்று யோசனை சொன்ன மருமகன் ஒருவரை நான் சந்தித்தேன். மறுமுறை போனபோது அவருக்குக் காபி தாமதமாக வந்தது.

இவ்வாய்வின் மையம் இனிமேல்தான். வாங்கிய முதல் வாரத்தில் எந்த வீட்டிலும் சினிமாவும் பார்ப்பதில்லை, விளையாடுவதும் இல்லை. யூடியூபில் மீன் பார்க்கிறார்கள். கிராஸ்கட் ரோட்டுக் கடையில் கண்ணைப் பறித்த கிளியும் ஆரஞ்சுப் பழமும் வீட்டில் அதே போல ஜொலிக்கிறதா என்று சரிபார்க்கும் காலம் அது. ஜொலிக்காது. கடை டிவி, வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்த டெமோவில் ஓடியது. இந்த ஏமாற்றம் தீர யாரோ ஒருவர் செட்டிங்ஸைத் திறக்கிறார். அதன்பிறகு அவ்வீட்டில் அமைதி இல்லை.

சினிமா நொடிக்கு 24 ஃப்ரேமில் எடுக்கப்படுவது. டிவி 60 முறையோ 120 முறையோ புதுப்பித்துக்கொள்வது. இடையே கிடைக்கும் இடத்தில் டிவி தன் கற்பனையில் புதிய ஃப்ரேம்களை வரைந்து செருகி, அசைவை வழுவழுப்பாக்கும். விளைவு, எத்தனை கோடியில் எடுத்த படமும் சாயங்கால சீரியல் போலத் தோன்றும். 2018 டிசம்பரில் டாம் குரூஸே இயக்குநர் மெக்குவாரியோடு ஒரு வீடியோவில் வந்து, தயவுசெய்து அதை அணையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுவருடம், இந்த வேலையெல்லாம் செய்யாத ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ அறிவிக்கப்பட்டது. பேரன் அதைத்தான் வைப்பான். அடுத்த நிமிடம் களத்தில் பதிவான உரையாடல் இது:

“ஏஞ்சாமி, நேத்து நல்லாத்தான இருந்துச்சு? இன்னைக்கு மஞ்சத்தண்ணி ஊத்துனாப்புல இருக்குது.”

“டைரக்டர் அப்படித்தான் எடுத்திருக்காரு அம்மிச்சி.”

“அப்ப அவரையே வந்து உக்காந்து பாக்கச் சொல்லு கண்ணு.”

ஹாலிவுட் முழுவதும் திரண்டாலும் இதற்குப் பதில் கிடையாது. என் துணிபு இதுதான்: டிவிக்காரர்கள் யாரோ ஓர் அம்மிச்சியை மனத்தில் வைத்தே அந்த வழுவழுப்பைப் பெட்டியிலேயே போட்டு அனுப்புகிறார்கள். சீரியல் போலத் தெரிவது அவருக்குக் குறை அல்ல, தரச்சான்று.

வீடியோ கேம் விளையாடுபவன் கட்சி வேறு. 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்த பிறகு இந்தக் கட்சி வலுத்தது. டிவி படத்தை மெருகேற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில், இவன் அழுத்திய பட்டன் திரையில் வந்து சேரத் தாமதமாகிறது. சில டிவிகளில் இது நொடியில் பத்தில் ஒரு பங்கு. கேம் மோடில் போட்டால் மெருகு வேலைகள் பெரும்பாலும் நிற்கும், தாமதம் குறையும். தோற்றால் ‘லேக்’, ஜெயித்தால் திறமை. கேம் மோடு போட்ட பிறகும் தோற்கிறானே என்று அவன் அப்பாவிடம் கேட்டேன். “கேரம் போர்டுல லேக் இல்லாமயே தோத்தவனுங்க இவன்” என்றார்.

பின்பக்கம் இன்னொரு வழக்கு நடக்கிறது. நடுத்தர விலை டிவிகள் பலவற்றில் நான்கு எச்டிஎம்ஐ துளை இருந்தாலும், 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் வாங்கக்கூடியவை இரண்டுதான். அவற்றில் ஒன்று சவுண்ட்பாருக்கான துளையாகவும் இருக்கும். ஒரு சவுண்ட்பார், இரண்டு விளையாட்டுக் கருவிகள் என்றாகிவிட்டால், பங்காளிகள் பொதுக் கிணற்றில் முறை வைத்து மோட்டார் போடுவதுபோல் நாள் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். வழக்கு இன்னும் கோர்ட்டுக்குப் போகவில்லை. கேபிளைப் பிடுங்கியவர் யார் என்பதை மட்டும் யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. “ஆரோ மாத்திப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க” என்று சுவரைப் பார்த்துச் சொல்வதே மரியாதை.

எஞ்சியிருப்பது தூரம். பார்ப்பவர் கண்ணில் திரையின் அகலம் 30 பாகையாவது பிடிக்க வேண்டும் என்பது பொதுவான விதி. 55 அங்குல டிவியின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் ஏழரை அடியில் உட்கார வேண்டும். விளையாடுபவன் இதை மட்டும் மதிக்கிறான். பவானி ஜமுக்காளத்தை இழுத்துப் போட்டு இன்னும் முன்னால் போய்விடுகிறான். டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட்தான் மலிவு. இங்கே அதுதான் வீட்டிலேயே உயர்ந்த வகுப்பு. மற்றவர்கள் சோபாவில். சோபாவோ எதிர்ச்சுவரை ஒட்டி, பன்னிரண்டு அடிக்கு அந்தப்பக்கம். ஆசாரத்தின் நடுவில் சோபா போடுவது கொங்கு நாட்டில் சிந்திக்கத்தகாதது. நாளைக்கே ஒரு விசேஷம் என்றால் பந்திப்பாய் எங்கே விரிப்பது?

பன்னிரண்டு அடிக்கு அதே விதி கேட்கும் டிவி ஏறக்குறைய 88 அங்குலம். இதை ஒரு வீட்டில் தாளில் போட்டுக் காட்டி, சோபாவை நாலரை அடி முன்னால் தள்ளினால் இருக்கும் டிவியே போதும், செலவு சல்லிக்காசு இல்லை என்று விளக்கினேன். குடும்பத் தலைவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியது 2025 செப்டம்பர் 22ஆம் தேதிதானே என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார். பிறகு உள்ளே திரும்பி, “அம்மணி, அந்த இஞ்சி டேப்பக் கொண்டா, சுவத்தை அளக்கோணும்” என்றார்.