தூரச் சூத்திரமும் உரையும்

தூரம் என்பது கிட்டக் கிட்ட நீள்வது.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், சென்னைக்கும் ரஷ்யாவின் விளாடிவாஸ்டாக்குக்கும் இடைப்பட்ட தொலைவைச் சடையங்குப்பத்தில் நின்று அளந்து உரைத்தல் நுதலிற்று.

இவ்வூரைக் களமாகக் கொண்டது என்னையெனின், கடல் தூரம் இவ்வூரார்க்குப் புதிதன்று. பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் குடியேறிய பர்மா நகர் இங்கேதான் இருக்கிறது. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் பெட்டி ஏற்றிய ட்ரெய்லர்கள் போவதும் இந்த மணலி வட்டாரத்துச் சாலைகளில்தான். பல நாள் நிற்பதும் அவற்றில்தான்.

முதலில் தெரிந்த தூரம். சென்னை–விளாடிவாஸ்டாக் கடல்வழிக்கு 2019-இல் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. நீளம் சுமார் 5,600 கடல் மைல். கிலோமீட்டரில் 10,300-க்கு மேல். அரசு சொல்லும் பயணக் காலம் 24 நாள். வகுத்தால் மணிக்கு 18 கிலோமீட்டர். நல்ல சைக்கிள் வேகம்.

இனித் தெரியாத தூரம். சடையங்குப்பத்திலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையைப் பிடித்து, துறைமுகத்தின் காசிமேட்டு வாயிலான ஜீரோ கேட்டை அடையப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அந்தக் கப்பல் வேகத்தில் ஊர்ந்தாலே நாற்பது நிமிடம் போதும். ஆனால் எப்போது போய்ச் சேரும் என்று கேட்டால் எந்த டிரைவரும் மணிக்கணக்குச் சொல்லார். "லைன் எங்க நிக்குதுன்னு பாத்தாதான் சார் தெரியும்" என்பார். ஆகவே இங்குத் தூரத்தின் அலகு கிலோமீட்டர் அன்று, ட்ரெய்லர் என்பது பெறப்படும். நாற்பதடிப் பெட்டி சுமந்த வண்டிக்கு, முன் இடைவெளியும் சேர்த்து, 20 மீட்டர் எனக் கொண்டால் கிலோமீட்டருக்கு 50 ட்ரெய்லர். லைன் எனப்படும் இந்த ட்ரெய்லர் வரிசை ஓரிரவு, பன்னிரண்டு மணி நேரம், அசையாதிருந்தால் அதற்குள் கப்பல் 216 கிலோமீட்டர் கடந்திருக்கும்.

அற்றேல், கடலில் புயல் உண்டன்றோ எனின், உண்டு. புயலுக்குத் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள். லைனுக்குக் கூண்டு ஏற்றுவார் இல்லை.

மழைக்காலத்துக்கு ஒரு புறனடை: பூண்டி ஏரியில் உபரிநீர் திறந்து கொசஸ்தலையாறு பெருகும்போது வெள்ளம் சடையங்குப்பத்தைச் சூழும், ஆட்களை மீட்கப் படகு வரும். அன்று மணலியும் விளாடிவாஸ்டாக்கும் ஓரினம், இரண்டுக்கும் நீர்வழிதான்.

துணிபு: 24 நாள் என்னும் கணக்கில் பிழையில்லை, பெட்டி கப்பலில் ஏறிய பிறகு அது செல்லும். ஏறுவதற்கு முந்திய பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் இத்தனை மணி நேரம் என்று வரையறுத்து ஓர் ஒப்பந்தம் போடலாம். அது வரும்வரை லைனில் நிற்கும் டிரைவர்களுக்குக் குடிநீரும் கழிப்பறையும் கொடுக்கலாம். அதற்கு ரஷ்யாவின் கையெழுத்து வேண்டியதில்லை.