கோணினால் கோடி

அஜர்பைஜான் கம்பள நெசவை யுனெஸ்கோ 2010-இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்நாட்டுக் கலைஞர் ஃபாயிக் அகமது கம்பளத்தை உருக்கியே விட்டார். மேல்பாதியில் பாட்டி காலத்துப் பூவேலை. கீழ்ப்பாதியில் அதே சாயங்கள் வழிந்து தரையில் குளமாகத் தேங்கி நிற்கும். கணினியில் கோணலாக வரைவது அவர். அந்தக் கோணலை முடிச்சு முடிச்சாக, பிசகாமல் போடுவது தறிக்காரர்கள்.

கை தவறி ஒரு வரிசை கோணினால் வியாபாரி விலையைக் குறைப்பார். முழுக்கக் கோணினால் அருங்காட்சியகம் வாங்கிச் சுவரில் மாட்டும். தப்பு செய்தாலும் பெரிதாகச் செய்ய வேண்டும் போலிருக்கிறது! வெறுங்காலால்கூட இனி மிதிக்க முடியாது. கம்பளத்துக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. நெய்தவர்கள் மட்டும் அதே தறிப் பலகையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.