தடுக்கில் பாய்ந்தால் கோலத்தில் பாய்ந்தவர்கள்

சட்டத்தின் சந்துபொந்துகளைப் பற்றிப் புதுச்சேரிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஊரே ஒரு சந்துதான். 1908-ல் பாரதி வந்தார், 1910-ல் அரவிந்தர் வந்தார், அதே வருஷம் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். ஃப்ரெஞ்சு எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ் போலீஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஊருக்குள் வேவுகாரர்களை அனுப்ப முடிந்ததே தவிர, விலங்கு மாட்ட முடியவில்லை. பாரதி வந்த அதே 1908-ல் லண்டனில் சிலர் கூடி, உலகத்தின் நீச்சலையெல்லாம் ஒழுங்குபடுத்தப்போகிறோம் என்று ஃபினா என்றொரு சம்மேளனத்தைத் தொடங்கினார்கள். விதி எழுதுகிறவன் ஒரு பக்கம், அதில் நுழைந்து வெளியேறுகிறவன் மறு பக்கம் என்று அன்றைக்கு ஆரம்பித்த ஆட்டம் இன்னும் முடியவில்லை.

ஃபினாவுக்கு முந்தைய காலம் இன்னும் கூத்து. 1900-ல் நம்மை ஆண்டுகொண்டிருந்த ஃப்ரான்சு, பாரீஸ் ஒலிம்பிக்கை நடத்தியது. நீச்சல்குளம் கட்டுவானேன், செய்ன் ஆறுதான் சும்மா ஓடுகிறதே என்று ஆற்றிலேயே போட்டி வைத்தார்கள். அதில் ஒன்று 200 மீட்டர் தடை நீச்சல். முதலில் ஒரு கம்பத்தில் ஏறி இறங்க வேண்டும். பிறகு வரிசையாகக் கட்டிய படகுகள் மேல் ஏறிக் குதிக்க வேண்டும். அதற்கடுத்த படகுகளுக்கு அடியில் முங்கிப் போக வேண்டும். கிணற்றில் சொருவு அடித்து வளர்ந்த நம் பிள்ளைகள் யாராவது போயிருந்தால் பதக்கத்தோடு படகையும் ஓட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். ஜெயித்தவர் ஆஸ்திரேலியாவின் ஃப்ரெட்ரிக் லேன். எல்லோரும் படகின் நடுவில் தொற்றித் தத்தளிக்க, அவர் பின்முனைப் பக்கமாக ஏறினார் என்பார்கள். எந்தப் பக்கமாக ஏற வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லையே!

இன்னொன்று உள்நீச்சல் போட்டி. ஒரு மீட்டருக்கு 2 புள்ளி, தண்ணீருக்குள் இருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் 1 புள்ளி. ஃப்ரான்சின் ஷார்ல் தெவாந்தவில் 60 மீட்டரை 68.4 விநாடியில் கடந்து 188.4 புள்ளி வாங்கினார். டென்மார்க்கின் பீடர் லிக்கபெர்க் உள்ளே 90 விநாடி தம் கட்டினார். ஆனால் பாவம், நேராகப் போகாமல் வட்டமடித்துவிட்டார். கரையிலிருந்து அளந்தால் 28.5 மீட்டர்தான். 147 புள்ளி, மூன்றாம் இடம். அவ்வளவு நேரமும் பார்வையாளர்கள் வெறும் ஆற்றைப் பார்த்துக் கைதட்டக் காத்திருந்தார்கள். இரண்டு போட்டியையும் அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் யாரும் சீந்தவில்லை. உள்நீச்சல் மட்டும் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் பட்டர்ஃப்ளை. தவளை நீச்சலுக்கான விதி, கைகள் இரண்டும் ஒன்றாக மார்பிலிருந்து முன்னால் நீள வேண்டும், ஒன்றாகப் பின்னால் வர வேண்டும் என்றது. தண்ணீருக்குள்ளேயே நீட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. எழுதியவருக்கு அது தோன்றியே இருக்காது. தவளை கையைத் தூக்கிக்கொண்டா பறக்கும்? 1920-களில் ஜெர்மனியின் எரிக் ராடெமாகர், 1933-ல் ப்ரூக்ளினின் ஹென்றி மையர்ஸ் என்று ஒவ்வொருவராக விதியைப் படித்துவிட்டுக் கையை வெளியே தூக்கி வீசினார்கள். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போகிற கையை விடக் காற்றில் போகிற கைக்குத் தடை குறைவு. அவ்வளவுதான் விஞ்ஞானம். நடுவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. கால் மட்டும் தவளையாக இருக்க வேண்டும் என்றிருந்ததால், இடுப்புக்கு மேலே பூச்சியும் கீழே தவளையுமாக ஒரு நரசிம்ம அவதாரம் இருபது வருஷம் குளங்களில் உலவியது.

1952-ல் ஹெல்சிங்கியில் 200 மீட்டர் தவளை நீச்சல் தங்கத்தை ஆஸ்திரேலியாவின் ஜான் டேவிஸ் இப்படித்தான் கையை வீசி எடுத்தார். பிற்காலத்தில் அவர் அமெரிக்காவில் ஃபெடரல் நீதிபதியானார். 1993-ல் ராட்னி கிங்கை அடித்த போலீஸ்காரர்கள் மீதான வழக்கை விசாரித்தவர் அவரே. விதியை இவ்வளவு நுணுக்கமாகப் படித்தவரை வேறெந்த நாற்காலியில் உட்கார வைப்பது?

இந்தக் கதையில் சிரிக்க முடியாத ஓர் இடமும் உண்டு. ஃப்ரெஞ்சு அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டீனில் பிறந்த யூதர் ஆல்ஃப்ரெட் நகாஷ், 1941 ஜூலையில் மார்ஸெய் நகரில் 200 மீட்டர் தவளை நீச்சலில், கையைப் பட்டர்ஃப்ளையாக வீசி, 2 நிமிடம் 36.8 விநாடியில் உலக சாதனை படைத்தார். அப்போது அவர் முழு ஃப்ரெஞ்சுக் குடிமகனே இல்லை. அல்ஜீரிய யூதர்களுக்கு 1870-ல் ஓர் ஆணை குடியுரிமை தந்தது, 1940 அக்டோபரில், ஜெர்மனிக்குப் பணிந்த விஷி அரசின் இன்னொரு ஆணை பிடுங்கிக்கொண்டது. பாரீஸிலிருந்து வரும் ஒரு காகிதம் ஆளையே மாற்றிவிடும் என்பது 1881 ஆணைப்படி தனிச்சட்டத்தைத் துறந்து புதுப் பெயர் வைத்துக்கொண்ட ரெனோன்சான் குடும்பங்கள் உள்ள ஊருக்குத் தெரியாததா? புதுச்சேரி அந்த 1940 செப்டம்பரிலேயே, கவர்னர் போன்வேன் தலைமையில், விஷியை உதறி தெ கோல் பக்கம் சாய்ந்துவிட்டது. நகாஷுக்கு அப்படிச் சாய இடமில்லை. 1944-ல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். மனைவியும் சின்னஞ்சிறு மகளும் அங்கே கொல்லப்பட்டார்கள். முகாமின் தண்ணீர்த் தொட்டிக்குள் பொருளைப் போட்டு, முங்கி எடுத்து வா என்று காவலர்கள் அவரை வேடிக்கை பார்த்தார்கள். உயிரோடு திரும்பிய மனுஷர் 1948 லண்டன் ஒலிம்பிக்கில், முப்பது வயதைத் தாண்டி, அதே போட்டியில் அரையிறுதி வரை நீந்தினார்.

ஹெல்சிங்கிக்குப் பிறகுதான் ஃபினாவுக்கு ஞானம் வந்தது. பூச்சியையும் தவளையையும் பாகம் பிரித்து, பட்டர்ஃப்ளைக்குத் தனிக்குடித்தனம் வைத்தது. இரண்டு காலையும் சேர்த்து அடிக்கும் டால்ஃபின் உதைக்கும் அனுமதி கிடைத்தது. 1935-லேயே அயோவாவில் பயிற்சியாளர் ஆர்ம்ப்ரஸ்டரும் மாணவர் ஜாக் சீகும் அந்த உதையைக் கண்டுபிடித்துவிட்டுச் சட்டம் வருமென்று காத்திருந்தார்கள். நமக்கும் அதே சமயத்தில்தான் பாகப்பிரிவினை. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள், 170 பேர் இந்தியா என்றார்கள். நவம்பர் 1-ல் கொடி மாறியது. ஆனால் ஃப்ரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். நடுவில் எட்டு வருஷம் நடைமுறையில் இந்தியா, சட்டப்படி ஃப்ரான்சு. நடைமுறையில் பூச்சி, சட்டப்படி தவளை என்று நீந்திய ஆட்களின் கஷ்டம் எங்கள் தாத்தாக்களுக்குச் சொல்லாமலே புரிந்திருக்கும்.

தவளைக்காரர்கள் இனிமேல் ஒழுங்காக நீந்துவார்கள் என்று ஃபினா நிம்மதியாகத் தூங்கப் போனது. கை மேலே போகக் கூடாது, சரி. கீழே போகலாமா? 1956 மெல்பர்னில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா, முதல் மூன்று நீளங்களில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியிலேயே நீந்தித் தங்கத்தை அள்ளினார். மேற்பரப்பில் நீந்தினால் அலை கிளப்பியே பாதித் தெம்பு போகும், அடியில் அந்தச் செலவு இல்லை. 1900-ல் துரத்திய உள்நீச்சல் இப்படித்தான் திரும்பி வந்தது, மீட்டருக்கு 2 புள்ளி மட்டும் இல்லை. தம் கட்டி மயங்கும் அளவுக்குப் போனதும் ஃபினா விழித்தது. கிளம்பும்போதும் திரும்பும்போதும் தவிர அடியில் நீந்தக் கூடாது என்று புது விதி வந்தது.

விதி தவளைக்குத்தான். மல்லாக்க நீந்துகிறவனுக்கு அல்லவே. 1988 சியோலில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் மல்லாந்தபடி தண்ணீருக்குள் 30 மீட்டருக்கு மேல் டால்ஃபினாகப் போய்த்தான் வெளியே தலைகாட்டினார். தகுதிச் சுற்றில் உலக சாதனை. இறுதிப் போட்டியில் ஜப்பானின் டைச்சி சுசுகி, தானும் வழக்கத்தை விட அதிக தூரம் அடியில் போய், 55.05 விநாடியில் அவரை 0.13 விநாடி வித்தியாசத்தில் தோற்கடித்தார். ஒலிம்பிக் முடிந்த கையோடு ஃபினா 10 மீட்டர் என்று கோடு போட்டது. அப்புறம் மனசு இளகி 1991-ல் 15 மீட்டர் ஆக்கியது. சுசுகி 2015-ல் ஜப்பான் அரசின் விளையாட்டுத் துறைக்கே முதல் ஆணையரானார். டேவிஸ் நீதிபதி, இவர் ஆணையர். பெற்றோர்கள் குறித்துக்கொள்ளலாம்.

2004 ஏதென்ஸில் கொசுகே கிடாஜிமா தவளை நீச்சலில் கள்ளத்தனமாக ஒரு டால்ஃபின் உதை விட்டார் என்று அமெரிக்கர்கள் கூச்சல் போட்டார்கள். ஃபினா யோசித்து, 2005-ல், சரி, ஓர் உதை விட்டுக்கொள்ளுங்கள் என்றது. 2012 லண்டனில் தென்னாப்பிரிக்காவின் கேமரன் வான் டெர் பர்க் உலக சாதனையோடு தங்கம் வாங்கிய பின், ஒன்றுக்கு மேல் உதைத்தேன், எல்லோரும்தான் உதைக்கிறார்கள் என்று அவரே சொன்னார். பதக்கம் அவரிடமே இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் எடுத்த படத்தைத் தீர்ப்புக்குப் பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை.

இத்தனை பேரிடம் அடி வாங்கிய ஃபினா, கடைசியில் 2022 டிசம்பரில், ஃபுருகாவா மூழ்கி ஜெயித்த அதே மெல்பர்னில் கூடி, தன் பெயரையே வேர்ல்ட் அக்வாடிக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. பாண்டிச்சேரி 2006-லேயே புதுச்சேரி ஆகிவிட்டது. இதிலும் நாங்கள் 16 வருஷம் முந்தி.