வயிற்றுக் கொழுப்புக் கட்டியும் அதை அமுக்கிப் பார்ப்போரும்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

ஆய்வுக்களம்: தொப்புளுக்கு மேலே நாலு விரற்கடை, சற்று இடப்பக்கம். ஆய்வுப்பொருள்: தோலுக்கும் தசைக்கும் நடுவே குடியிருக்கும் கொழுப்புக் கட்டி. மருத்துவர்கள் லைப்போமா என்பார்கள். முதிர்ந்த கொழுப்புச் செல்கள் மெல்லிய உறைக்குள் கூடியிருப்பதுதான் அது. சுமார் நூற்றில் ஒருவருக்கு இருக்கும். 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையே அதிகம் தென்படும். பொதுவாக வலிக்காது, புற்றுநோயல்ல, பெரும்பாலும் 5 செ.மீ.க்குள் அடங்கிவிடும். கட்டுரை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். பக்கம் போதாவிட்டால் பட்டம் கிடைக்காது என்பதால் தொடர்கிறோம்.

காரணம் பற்றிய முன்னாய்வுகள் இரண்டு. ‘உடம்புச் சூடு’ (சித்தப்பா, வாய்மொழி). ‘வடை’ (சித்தி, வாய்மொழி, சித்தப்பாவை மறித்து). வடைக் கோட்பாடு நிற்காது. ஆள் இளைத்தாலும் இந்தக் கட்டி இளைப்பதில்லை. சுற்றியுள்ள கொழுப்பு கரைந்ததும் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

வகைகள். தனிக்கட்டி: ஒன்று. பல கட்டி: ஒன்றுக்கு மேல், சில குடும்பங்களில் பரம்பரையாக வரும், பாகப்பிரிவினையில் யாரும் சண்டை போடாத சொத்து இது மட்டுமே. வலிக்கும் கட்டி: இதைப் பற்றி அமெரிக்க நரம்பியல் மருத்துவர் டெர்கம் 1892-இல் எழுதினார். மூன்றே நோயாளிகளை வைத்து எழுதினார், நோய்க்கே அவர் பெயர் வந்தது. நம்மவர்கள் முந்நூறு பேரிடம் வினாநிரல் கொடுத்துவிட்டு ‘மேலும் ஆய்வு தேவை’ என்று முடிப்பார்கள்.

இனி, இதுவரை எவரும் தீண்டாத துறையான அமுக்கலியல்.

வயிற்றில் கட்டி என்று சொன்ன மறுகணம் கேட்பவர் கை நீளும். ஒற்றைவிரல் மரபினர் அழைப்புமணி அடிப்பதுபோல் ஒருமுறை அமுக்கி, பதில் வருமா என்று காத்திருப்பர். இருவிரல் மரபினர் கிள்ளித் தூக்குவர். உள்ளங்கை மரபினர் கண்ணை மூடிக்கொள்வர். இவர்களிடம் எச்சரிக்கை தேவை. மூன்றையும் கடந்தவர் பெரியம்மா. கட்டியின் ஓரத்தை அவர் விரல் நுனியால் அழுத்த, அது வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. “நழுவுதுடா!” (பெரியம்மா, கல்யாணப் பந்தி, இரண்டாம் வரிசை, ரசத்துக்கு முன்). அறுவை மருத்துவர்களும் இந்த நழுவலையே முக்கிய அடையாளமாகக் கொள்கிறார்கள். பெரியம்மா மருத்துவக் கல்லூரிப் பக்கமே போனதில்லை.

அடுத்து அவர் “இருமுடா” என்றார். இதுவும் முறையான சோதனையே. குடலிறக்கம் என்றால் இருமும்போது புடைக்கும், படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். கொழுப்புக் கட்டி இருமலைச் சட்டை செய்யாது. இருமியும் புடைக்கவில்லை, எனவே கொழுப்புக் கட்டிதான் என்ற பெரியம்மாவின் முடிவு உடனே சர்ச்சைக்குள்ளானது (சம்பந்தி வீட்டார், பெரியம்மா சொன்னதாகச் சித்தி சொன்னது, சித்தப்பாவின் மறுப்பு, மறுப்புக்குப் பெரியம்மாவின் மறுப்பு, திருத்திய பதிப்பு, விழுப்புரம் பேருந்து நிலையம், பஸ் நகர்ந்தபின் ஜன்னல் வழியாக). மறுத்த எவரும் கட்டியைத் தொட்டதில்லை. தொட்டால் ஆய்வாளரின் நடுநிலை கெடும் என்ற கொள்கை நம் பல்கலைக்கழகங்களில் வேரூன்றியது. மூலநூலையே தொடாத அறிஞர் பலர் அதனால்தான் இத்தனை நடுநிலையோடு இருக்கிறார்கள்.

சிகிச்சை: மஞ்சள் பற்று. உறைக்குள் இருக்கும் கொழுப்புக்கு வெளியே மஞ்சள் பூசியது தெரியவே தெரியாது. தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடலாம். உறுத்தினாலோ அழகு கெட்டாலோ அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, உறையோடு எடுத்துவிடுவார்கள். வேகமாக வளர்ந்தால், 5 செ.மீ. தாண்டினால், கல்லாக இறுகினால், நகர மறுத்தால், புதிதாக வலித்தால் அமுக்கலியல் அங்கே செல்லாது. மருத்துவரிடம் போய் ஸ்கேன் பார்க்க வேண்டும். அரிதாக அது வேறு வகைக் கட்டியாக, கொழுப்புத் திசுப் புற்றாகவும் இருக்கக்கூடும்.

ஆய்வின் எல்லைகள்: கட்டிக்கு உரியவரான தகவலாளியின் கருத்தைப் பதிவுசெய்ய இயலவில்லை. விசேஷ வீடுகளில் அவர் இப்போது பெரியம்மாவின் கைக்கு எட்டாத வரிசையில், சட்டையை உள்ளே செருகிக்கொண்டு உட்காருகிறார்.